வெயில் கிறிஸ்துமஸ்

டொராண்டோவில் 12 வருடம் பனிக்குள் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு மெல்பேர்ன் வந்தோம். இது இரண்டாவது டிசம்பர். இங்கே இப்போது கோடைக்காலம். ராத்திரி 8.40க்கு மேல்தான் சூரியன் மறைகிறது. மரத்தில் சுற்றிய விளக்குகள் இருட்டில் மின்னுவதைப் பார்க்கப் பிள்ளைகள் ஒன்பதரை வரை தூங்காமல் காத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஸ்காட்லாந்துப் பாட்டி ஒரு பை நிறையச் செர்ரிப் பழம் தந்தார். இங்கே வந்து 40 வருடமாகிறதாம். இந்த வெக்கையிலும் வருடா வருடம் வான்கோழியை வாட்டுகிறார். “எங்கம்மா செஞ்சது, விட மனசு வரலை” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் பரணில் கிடந்த பெட்டியைத் திறந்து, மகளின் சிவப்புக் கம்பளிக் கையுறைகளைத் தேடி எடுத்தேன். இப்போது அவள் கைக்குச் சேராது. கட்டைவிரல் பக்கம் நான் போட்ட தையல் அப்படியே இருக்கிறது. இரண்டையும் மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.