யாருக்குக் காட்ட?

மார்ச் 3, திங்கள்

மே இதழின் வேலை இன்று தொடங்கியது. ஆறு பக்கம் என் பங்குக்கு வந்திருக்கிறது: 'உங்கள் உடல்வாகுக்கு ஏற்ற உடை'. பெண்களுக்கான ஃபேஷன் இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் பகுதி இது. பேரிக்காய், ஆப்பிள், மணற்கடிகை என்று உடல்களைப் பிரித்து, எதை மறைக்க வேண்டும், எதை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது.

இந்த இதழில் இது எனக்கு ஏழாவது வருடம். முடியைக் காதுக்கு மேலே வெட்டியிருக்கிறேன். ஆண்கள் பிரிவில் வாங்கிய சட்டைதான் போடுவேன். முகத்தில் எதுவும் பூசுவதில்லை, கால் முடியை எடுப்பதில்லை. நான் பெண்ணியவாதி. துணி என்றால் எனக்கு உயிர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மாலையில் சென்ற இதழை எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படக்குறிப்புகளை மட்டும் படித்தேன். ஒல்லியாகக் காட்டும். உயரமாகக் காட்டும். இளமையாகக் காட்டும். இடுப்பைச் சின்னதாகக் காட்டும். 112 பக்கங்களில் 41 'காட்டும்'. அதில் ஆறு நான் எழுதியவை.

காட்டும் என்றால், யாருக்கு? யாரோ ஒருவருக்குத்தான் எதையும் காட்ட முடியும். அந்த ஆளை நாம் ஒரு வரியிலும் எழுதுவதில்லை. எழுதாமலே எல்லா வரியிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். உடையைப் போடுகிறவளைத்தான் எங்கேயும் காணவில்லை.

இந்த ஆறு பக்கங்களில் அந்தச் சொல் வராது.

மார்ச் 5, புதன்

ஆசிரியரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "சொல்லை எடுத்துவிடலாம். அந்த இடத்தில் என்ன வைப்பாய்?" என்று கேட்டார். பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். சரியான கேள்வி, அதனால்தான் வலித்தது.

மார்ச் 8, சனி

மகளிர் தினக் கூட்டம். இருபது வருடத் தோழி ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "பெண்களைத் தங்கள் உடம்பையே வெறுக்க வைக்கும் இடத்தில் நீ எப்படிச் சம்பளம் வாங்குகிறாய்?"

அவள் கேட்டதில் பொய் இல்லை. 1968 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்க அழகிப் போட்டியை எதிர்த்துப் பெண்கள் திரண்டபோது, ஒரு குப்பைத் தொட்டியை வைத்து அதில் இடுப்பை இறுக்கும் உள்ளாடை, குதிகால் செருப்பு, பொய் இமைகள் எல்லாம் போட்டார்கள். பெண்கள் இதழ்களையும் போட்டார்கள். உள்ளாடையை எரித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்று அங்கே எதுவும் எரியவில்லை என்றுதான் அதை ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். ஆனால் இதழ்கள் தொட்டிக்குள் போனது உண்மை. அங்கே இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பெண்ணியப் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடாத பெண்கள் எங்கள் இதழைத் தொடுகிறார்கள். மருத்துவமனையில் காத்திருக்கும்போது, முடி வெட்டிக்கொள்ளும் இடத்தில், அக்கா வாங்கி வைத்ததை. மருத்துவர் பதில் சொல்லும் பக்கத்துக்கு மாதாமாதம் கேள்விகள் வருகின்றன. குழந்தை பெற்ற பிறகு சிறுநீர் அடக்க முடியவில்லை, கணவரிடம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எங்களுக்குத்தான் வந்தது. அவர் புரட்டும் மற்ற பக்கங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு முக்கியம். நான் போய்விட்டால் அந்தப் பக்கங்களை வேறு யாராவது எழுதுவார்கள், அவ்வளவுதான்.

தோழி ஒப்புக்கொள்ளவில்லை. விடைபெறும்போது தோளில் கை வைத்தாள். அது போதும்.

மார்ச் 12, புதன்

படப்பிடிப்பு. காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை.

இதழில் அச்சாகும் உடைகள் எப்படி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பொருந்துவதில்லை. நிறுவனங்கள் படப்பிடிப்புக்கு அனுப்பும் சாம்பிள் உடைகள் பெரும்பாலும் ஒரே அளவில் வரும், அதுவும் சின்ன அளவில். அந்த உடைக்குள் போகக்கூடிய பெண்ணைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்த பெண்ணுக்கும் தொளதொளவென்று இருந்தால், முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்துக் கிளிப் போடுவார்கள். முன்னால் ஒரு சுருக்கம் இருக்காது. பின்னால் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை வரிசையாகக் கிளிப்புகள். கடையில் அதே உடையைப் போட்டுப் பார்த்து, படத்தில் இருந்தது மாதிரி இல்லையே, என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிற பெண்ணுக்கு இந்த முதுகைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மாடல் பெண்ணுக்கு 20 வயது இருக்கும். இரண்டு படங்களுக்கு நடுவே கைபேசியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது கொடுத்தாள். நாலாவது தடவை என்னிடம் கொடுத்தபோதுதான் பொறி தட்டியது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உடைகள் தொங்கிய ரேக்குக்குப் போனேன்.

மொத்தம் 31 உடைகள். பாக்கெட் உள்ளவை 9. அந்த ஒன்பதில் கைபேசி முழுதாக உள்ளே போனது நாலே நாலில். இன்னும் ஆறு உடைகளில் பாக்கெட் மாதிரி தையல் மட்டும் இருந்தது, விரல் நுழைய இடம் இல்லை. உதவிக்கு வந்திருந்த தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "துணி மிச்சம் ஆகும், இடுப்பு உப்பாது. அதுக்குத்தான்" என்றார். இடுப்பு உப்பினால் என்ன?

2018-ல் பிரபலமான 20 நிறுவனங்களின் ஜீன்ஸ்களை அளந்து பார்த்திருந்தார்கள். பெண்களுடையதில் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. எங்கள் ரேக் அதைவிட மோசம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெண்கள் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிய பெரிய பைகளை வைத்திருந்தார்கள். பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள். பணம், சாவி, கத்தரி, ஊசி, கடிதம் எல்லாம் அதற்குள்தான். அந்த நூற்றாண்டின் கடைசியில் உடை மெலிந்து உடம்போடு ஒட்டியது. பைக்கு இடமில்லை. பை வெளியே வந்து, கையில் தொங்கும் சின்னப் பொருளாகிவிட்டது. இரண்டு கையும் வீசி நடந்தவளுக்கு ஒரு கை போனது.

ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. உடை எப்படிக் காட்டும் என்பதற்குப் பதிலாக, போட்டவள் அதில் என்ன செய்ய முடியும் என்று எழுதலாம். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா, தரையில் உட்கார்ந்து எழ முடியுமா, ஓட முடியுமா, எத்தனை பாக்கெட், எவ்வளவு ஆழம். மீதி நேரம் முழுக்க அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன், குனியச் சொன்னேன், மாடிப்படி ஏறச் சொன்னேன். புகைப்படக்காரர் பொறுத்துக்கொண்டார். அப்புறம் அவரே அவள் படி ஏறுவதைப் படமெடுத்தார். இன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் எனக்குப் பிடித்த படம்.

மார்ச் 13, வியாழன்

ஆசிரியர் ஒப்புக்கொண்டார். பழப் பெயர்கள் போயாச்சு. பாக்கெட்டுக்குத் தனியாக இரண்டு பக்கம்.

மார்ச் 18, செவ்வாய்

1970-ல் இதே மார்ச் 18 அன்று, நியூயார்க்கில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அலுவலகத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நுழைந்தார்கள். பெண்களுக்காக நடத்தப்பட்ட அந்த இதழின் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் ஓர் ஆண். அவர் அறையிலேயே பதினோரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒரு பெண்ணை ஆசிரியராக்கு, வேலை செய்யும் தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வை, பெண்களைக் கீழ்மைப்படுத்தும் விளம்பரத்தைப் போடாதே என்று கேட்டார்கள். நாற்காலி கிடைக்கவில்லை. அந்த வருட ஆகஸ்ட் இதழில் எட்டுப் பக்கங்கள் கிடைத்தன. அதை அவர்களே எழுதினார்கள்.

எட்டுப் பக்கத்தைத் தோல்வி என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பக்கத்தைப் பிடிக்க என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

ரீடச் செய்த, அதாவது கணினியில் திருத்திய, படங்கள் வந்தன. மாடிப்படிப் படத்தில் முழங்காலின் கருமை இல்லை. தரையில் உட்கார்ந்த படத்தில் வயிற்று மடிப்பு இல்லை. உட்கார்ந்தால் யாருக்கும் மடிப்பு விழும், பத்து வயதுப் பிள்ளைக்கும் விழும். ரீடச் செய்யும் தம்பியிடம் போய், யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "யாரும் சொல்லலக்கா. கை பழகிடுச்சு" என்றான்.

மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படங்களில் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி பிரான்சில் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து விளம்பரத்துக்கு அப்படியொரு விதி. நல்ல விதிகள்தான். ஆனால் பழகிப்போன கையை விதியால் நிறுத்த முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாகப் பழையதைத் திறந்து, மடிப்பையும் கருமையையும் திரும்பக் கொண்டுவந்தோம். துணியில் ஒட்டியிருந்த நூலையும் தூசியையும் மட்டும் எடுத்தான். மூன்று மணி நேரம் ஆனது.

அட்டைப் படத்தில் தோற்றேன். மாடலின் தோல் நிறத்தை இரண்டு படி வெளுத்திருக்கிறார்கள். அட்டையை முடிவு செய்வது விற்பனைப் பிரிவு. என் பேச்சு எடுபடவில்லை. ஆசிரியரும் வாதாடிப் பார்த்தார். அந்தப் பெண்ணை நேரில் பார்த்தவள் நான், பதினாலு மணி நேரம் கூடவே இருந்திருக்கிறேன். அவள் அந்த நிறமில்லை. அவளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். "பழகிவிட்டது" என்று பதில் வந்தது. ஒரே நாளில் இரண்டு பேர் வாயிலிருந்து அதே சொல்.

மார்ச் 24, திங்கள்

பாக்கெட் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ஓர் உடை நிறுவனத்தின் விளம்பரம் வர வேண்டும். நாங்கள் அளந்த 31 உடைகளில் எட்டு அவர்களுடையவை, ஒன்றிலும் பாக்கெட் இல்லை. கட்டுரையில் யார் பெயரும் இல்லை, அப்படியும் வேண்டாம் என்றார்கள். கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளலாமே என்று விளம்பரப் பிரிவிலிருந்து நயமாகக் கேட்டார்கள். அடுத்த இதழ் என்றால் வராது என்று அர்த்தம்.

அமெரிக்கப் பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தொடங்கிய 'மிஸ்' இதழ் 1972-லிருந்து விளம்பரங்களோடு போராடிப் பார்த்துவிட்டு, 1990-ல் விளம்பரமே வேண்டாம் என்று வாசகர் பணத்தில் நடக்கத் தொடங்கியது. எங்களால் அது முடியாது. அதனால் நானும் ஆசிரியரும் பக்கத் திட்டத்தைத் தரையில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விளம்பரம் முன்னால் போனது, கட்டுரை 12 பக்கம் பின்னால் போனது. ஒரு வரிகூட வெட்டவில்லை.

மார்ச் 27, வியாழன்

இதழ் முடியும் நாள். அச்சுக்கு முன் பிழை பார்க்கும் கடைசி புரூஃப் எல்லோர் மேசைக்கும் ஒரு சுற்று போய்விட்டு என்னிடம் வந்தது. அட்டையைப் பார்க்க மனசு வரவில்லை, உள்ளே போனேன். 74-ஆம் பக்கம், கடைசிப் படக்குறிப்பு: 'தோளை அகலம் குறைத்துக் காட்டும்.' நான் எழுதியதுதான். எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு பென்சில் வட்டம் இருந்தது. ஓரத்தில் ரீடச் தம்பியின் கையெழுத்தில், 'யாருக்கு அக்கா?'

அச்சுக்குப் போக நாற்பது நிமிடம் இருந்தது. அந்தச் சட்டையை ரேக்கிலிருந்து எடுத்துவந்து, என் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் எழுதினேன்: 'தோள்பட்டைத் தையல் தளர்வு. கையை முழுதாகத் தூக்கலாம். இடப்பக்கம் ஒரு பாக்கெட், ஆழம் 16 சென்டிமீட்டர்.'