பதிவேட்டில் ஏறாத கடிகள்

ஓமானின் அல் வுஸ்தா மாகாணத்தில், ஹைமா நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு சாலைப் பணி முகாமில் 4 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். தூக்கி வைக்கும் பெட்டி அறையான போர்ட்டா கேபின் ஒன்றுதான் மருந்தகம். மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். வெயில் மயக்கமும் கண் எரிச்சலும் அன்றாடம் வரும். ஆனால் என்னை இன்றுவரை விடாமல் யோசிக்க வைப்பவை தேளும் விரியனும்தான்.

சுற்றிலும் இவ்வளவு பாலைவெளி கிடக்க, அவை ஏன் மனிதன் படுக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்பார்கள். முதலில் எனக்கும் அது புரியவில்லை. கோடையில் ஒரு மாலை கேபின்களின் பின்புறமாக நடந்தபோது விளங்கியது. ஒவ்வொரு ஏசியிலிருந்தும் சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து, கேபினுக்கு அடியில் ஓர் ஈரத்திட்டு உண்டாகியிருந்தது. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிக்குப் பல்லியும் தேளும் வருகின்றன. சிந்திய சோற்றுக்கு எலி வருகிறது. எலிக்கும் பல்லிக்கும் பாம்பு வருகிறது. ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமென்றால் சென்ட்ரிங் பலகைகளை நாமே அடுக்கிக் கொடுத்திருக்கிறோம், சேப்டி ஷூக்களை வாசலில் வரிசையாக விட்டிருக்கிறோம். அந்த வறண்ட நிலத்தில் தண்ணீரும் நிழலும் இரையும் ஒருசேரக் கிடைத்த இடம் எங்கள் முகாம்தான்.

ஏசி மெக்கானிக் ஒருவர் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கப் புற ஊதாக் கதிர் டார்ச் ஒன்றை வைத்திருந்தார். அந்த வெளிச்சத்தில் தேளின் மேலோடு நீலப்பச்சையாக ஒளிரும் என்று படித்திருந்ததால், ஒரு நாள் இரவு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். முதல் கேபினின் படிக்கு அடியிலேயே ஒன்று இருந்தது. வெறும் கண்ணுக்கு நிழலோடு நிழலாகக் கிடந்த கருந்தேள், விரல் பருமன் வாலோடு, உள்ளே விளக்கேற்றி வைத்தது போல் மின்னியது. தடித்த வாலும் ஒல்லியான முன்கவ்விகளும் கொண்ட தேள் என்றால் அஞ்ச வேண்டும் என்பது எங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட பாடம். அது கொட்டினால் பெரும்பாலோருக்குக் கடும் வலியோடு போய்விடும். சிலருக்கோ வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் ஏறி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். யாருக்கு எப்படி ஆகும் என்று கொட்டிய நேரத்தில் சொல்ல முடியாது என்பதால், கொட்டுப்பட்டவரைச் சில மணி நேரமாவது கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும்.

இந்த நாட்டின் இன்னொரு தேளுக்கு ஓர் இந்திய மருத்துவரின் பெயர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஸ்கட்டில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஆத்மாராம் ஜயகர், ஓய்வு நேரத்தில் மீனும் பல்லியும் தேளும் சேகரித்து லண்டனுக்கு அனுப்பியவர். ஹொட்டன்டோட்டா ஜயகரி என்ற அந்தத் தேளின் அறிவியல் பெயர் அவர் பெயரால் அமைந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் இந்த மண்ணின் உயிர்களை இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் என்பது, இரவுப் பணியில் தனியே இருக்கும்போது எனக்குத் துணையாக இருந்தது.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், ஒரு நாள் காலை மருந்தக வாசலில் வந்து நின்றார். "தம்பி, பல்லு வெளக்கையில ரத்தமா வருது" என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு முழுவதும் கசிந்துகொண்டிருந்தது. வலது கணுக்கால் வீங்கியிருந்தது; அதற்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டிய தடம். இரவு 1 மணிக்குக் கழிப்பறைக்குப் போனபோது ஏதோ கடித்திருக்கிறது. வலி பொறுக்காமல் கட்டை அவரே அவிழ்த்துவிட்டுப் படுத்திருக்கிறார். "சின்னப் பாம்புதான் தம்பி, ஒரு முழம்கூட இருக்காது. சரசரன்னு சத்தம் போட்டுச்சு." உடலை வளைத்துச் செதில்களை உரசி ரம்பம் இழுப்பது போல் ஒலியெழுப்பும் சுருட்டை விரியன் அது. நம் ஊர் வயல்வெளியிலும் சுருட்டை விரியன் உண்டு. அது கடித்தால் இரத்தம் உறையாமல் போகும் என்பது அவர் அறியாததல்ல.

வண்டிக்குச் சொல்லிவிட்டு, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் வைத்தேன். 20 நிமிடத்தில் அது உறைந்திருக்க வேண்டும். அந்த 20 நிமிடம் முடிந்தபோது வண்டியும் வந்துவிட்டது. ஏறும்போது குழாயைச் சாய்த்தேன். இரத்தம் தண்ணீர் போல ஓடியது. அவர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வழியில் நான்தான் கேட்டேன். "அண்ணே, ராத்திரியே ஏன் எழுப்பல?" முந்தின மாதம் தேள் கொட்டி 2 நாள் படுத்த ஒரு வங்காளப் பையனுக்குச் சம்பளம் பிடித்தார்களாம். அந்தப் பையன் மருந்தகத்துக்கு வந்ததைப் பதிவேட்டில் எழுதியது நான்தான். அதைப் பார்த்துச் சம்பளம் பிடித்தது எனக்குத் தெரியாது. 6 மணி நேரம் அவர் இருட்டில் விழித்துக் கிடந்ததற்குக் காரணம் நான் எழுதிய பதிவேடுதான் என்று அறிந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இரத்தம் மறுபடி உறையத் தொடங்க ஒன்றரை நாள் ஆனது. பிழைத்தார். திரும்பியதும் மேலாளரிடம் போய், கடியும் கொட்டும் வேலைக்காயமாகவே கணக்கில் வர வேண்டும், அதற்காக ஒரு ரியால்கூடப் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டேன். 3 வாரம் அலைந்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. அடுத்த கோடையில் பதிவேட்டில் தேள்கொட்டுகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. நிலைமை மோசமாகிவிட்டதா என்று மேலாளர் கவலையோடு கேட்டார். தேள்கள் கூடவில்லை, இப்போதுதான் எங்களிடம் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. எண் குறைவாக இருந்தால் முகாம் பாதுகாப்பானது என்று நானும்தானே அதுவரை நினைத்திருந்தேன்.

கொத்தனார் விடுப்பில் ஊருக்குப் போகும் முன், ஒரு வெள்ளிக்கிழமை யாரும் சொல்லாமலேயே சாந்து குழைத்தார். எங்கள் வரிசையில் கேபின் படிகளுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்குகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார். பொழுது சாய்ந்ததும் நான் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் அவர் கரணையை வைத்தார்.