ஃபேனை நிறுத்துங்கள்

அப்பா இறந்தது 2019 ஜூனில், அதிகாலை மூன்று மணிக்கு, உறையூர் வீட்டில். அழுவதற்கு முன்பே எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன். "இந்தப் புழுக்கத்துல எதுக்கும்மா நிறுத்துற?" என்று சித்தப்பா அதட்டினார். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். இமைகளை மூடி, பஞ்சை நனைத்து மேலே வைத்தேன். தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினேன். ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். கண் வங்கியின் எண்ணை அப்பாவே காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார், துணியில் அளவு குறிக்கும் அதே நீலப் பென்சிலால்.

வந்தவர்கள் இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். முகம் அப்படியேதான் இருந்தது. குழி விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த சித்தப்பா கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்பா தையற்காரர், கருப்புச் சட்டைக்காரர். அம்மா அப்படி இல்லை. 1966இல் அவர்களுக்குச் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மட்டும். அப்போது சட்டம் அதைக் கல்யாணமாகவே ஏற்கவில்லை. அடுத்த வருடம் அண்ணா ஆட்சியில் சட்டம் கொண்டுவந்து, ஏற்கெனவே நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கினார்கள். அம்மாவோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சமயபுரம் போய் மஞ்சள் கயிறு வாங்கித் தானே கட்டிக்கொண்டு வந்தாராம். அப்பா பார்த்துவிட்டு, "உன் கழுத்து, உன் இஷ்டம்" என்றாராம். ஐம்பத்து மூன்று வருடம் அப்படித்தான் ஓடியது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குள் போவார், அப்பா வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார்.

அப்பாவோடு மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். கடவுள் இல்லை என்பதை எத்தனை விதமாக நிரூபிக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். நேர்மை எதுவென்று கற்றதென்னவோ கடையில்தான். சட்டைத் துணியில் கால் மீட்டர் மிஞ்சினால் அதைச் சுருட்டி, அதே துணியின் கிழிசலால் கட்டி, பெயர் எழுதிச் சட்டையோடு கொடுப்பார். எல்லாக் கடையிலும் மிச்சம் கடைக்காரருக்குத்தான். "யாருப்பா பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரும் பாக்கலைன்னா துணி என்னுதாயிடுமா?" என்றார்.

எனக்கு இதெல்லாம் போதவில்லை என்று தோன்றிய காலமும் உண்டு. 2012இல் மகளுக்கு டெங்கு. தட்டணுக்கள் மளமளவென்று இறங்கின. பக்கத்துப் படுக்கைக்காரம்மா முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணிக் காசைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. அவருக்குச் செய்ய ஒரு வேலை இருந்தது, எனக்கு அதுகூட இல்லை. பொய்யாகக் கும்பிடவும் கூச்சம். ரத்த வங்கியில் தட்டணுப் பை மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் கிடந்தது. ஐந்து நாள்தான் தாங்கும் என்றார்கள். அப்படியென்றால் இந்த வாரம்தான் யாரோ வந்து கையை நீட்டியிருக்கிறார். யாருடைய பிள்ளைக்கு என்றுகூட அவருக்குத் தெரியாது.

மகள் தேறினாள். அதன்பின் நானும் போகிறேன். பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஹீமோகுளோபின் 12.5 இல்லையென்று திருப்பி அனுப்பிய தடவைகளும் நிறைய. அப்போதெல்லாம் முருங்கைக்கீரையும் பேரீச்சையுமாக என் விரதம் நடக்கும். (இந்தச் சொல்லைக் கேட்டால் அப்பா சிரித்திருப்பார்.)

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். உடலை மருத்துவக் கல்லூரிக்கு என்று எழுதி வைத்திருந்தார். எழுதி வைத்தாலும் கடைசியில் வீட்டார் சம்மதிக்க வேண்டும். படிவத்தை நீட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்.

"சாம்பலும் கிடைக்காதா?"

"கிடைக்காதும்மா."

கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். அவருடைய நம்பிக்கைப்படி அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அன்று பெரிதாகக் கொடுத்தது அப்பா இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் கஷ்டமாக இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள், செய்ய ஒன்றும் இல்லை. இதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் சொல்லித்தரவில்லை. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அலமாரியில் பெயர் எழுதிய மிச்சத் துணிச் சுருட்டுகள் பதினொன்று கிடந்தன. சித்தப்பாவும் கூட வந்தார். தெருத் தெருவாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு வீட்டில் துணிக்காரரும் இறந்து போயிருந்தார். அவர் மருமகள் வாங்கிக்கொண்டு காபி கொடுத்தாள்.

போன மாதம் அம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார். "என் கண்ணையும் குடுத்துரு. ஆனா உடம்பை எரிக்கணும். மந்திரம் சொல்ல ஆள் வேணும். அம்மா மண்டபத்துல கரைக்கணும். உனக்குப் பிடிக்காதுன்னு விட்டுராத."

மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். படித்துறையில் காரியம் செய்துவைக்கும் பெரியவர் ஒருவரிடம் விவரம் கேட்டேன். யாருக்கு என்றார். அம்மாவுக்கு, ஆனால் இன்னும் இருக்கிறார் என்றேன். தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டு எண்ணைச் சொன்னார். வீட்டுக்கு வந்து காலண்டர் ஓரத்தில், கண் வங்கி எண்ணுக்குக் கீழே, நீலப் பென்சிலால் எழுதி வைத்தேன்.