முதலில் அது யாருடைய போன்?

பிள்ளைகளைக் கட்டுப்படுத்த எந்த ஆப் நல்லது என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பிள்ளை பார்ப்பது யாருடைய போன்? சேலத்தில் பல வீடுகளில் இதற்கு நேரான பதில் கிடைக்காது. பகலில் அம்மாவின் போன், அப்பா கொலுசுப் பட்டறையிலிருந்தோ தறிக்கூடத்திலிருந்தோ வந்ததும் அவருடைய போன், ஞாயிற்றுக்கிழமை அப்பாயியின் போன். இதில் ஒன்றில் மட்டும் பூட்டுப் போட்டால் பிள்ளை மற்றதற்குப் போய்விடும். வீட்டில் உள்ள போன், டேப், டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஆப் தேர்வில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

அம்மாவின் போனைத்தான் பிள்ளையும் பார்க்கிறது என்றால் பிள்ளையின் போனைப் பெற்றோர் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் உங்களுக்கானது அல்ல. அது போனையே பிள்ளையின் போனாக மாற்றிவிடும். பேங்க் ஆப், யுபிஐ உள்ள போனில் அதைப் போட வழியில்லை. அதற்குப் பதிலாக மூன்று வேலைகள் செய்யலாம். செட்டிங்ஸில் ஆப் பின்னிங் என்றோ ஸ்க்ரீன் பின்னிங் என்றோ இருப்பதை இயக்கி, விடுவிக்கும்போது பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். பிறகு, சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் திரையில் வேண்டிய ஆப்பைப் பின் செய்துவிட்டுக் கொடுத்தால், அந்த ஒரே ஆப்பில் போன் நின்றுவிடும். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் வேண்டாம், யூடியூப் கிட்ஸ் போதும். அதில் 4 வயது வரை, 5 முதல் 8, 9 முதல் 12 என்று மூன்று பிரிவுகள் உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் முறையும் இருக்கிறது. அதில் தேடும் வசதியே இருக்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு போனோ டேப்போ இருந்தால் ஃபேமிலி லிங்கிலிருந்தே தொடங்குங்கள். இலவசம்; பெற்றோர் கையில் ஐபோன் இருந்தாலும் வேலை செய்யும். கெட்டுப்போவது போடும் விதத்தில்தான். அப்பாவின் பழைய போனை அப்படியே பிள்ளைக்குக் கொடுத்து, அதில் அப்பாவின் கணக்கும் உள்ளேயே இருந்தால், பிளே ஸ்டோரில் கணக்கை மாற்றி எதையும் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே போனை முழுதாக ரீசெட் செய்துவிட்டு, முதல் கணக்காகப் பிள்ளையின் கணக்கைப் போடுங்கள். ரீசெட்டுக்கு முன் ஒரு எச்சரிக்கை: வாட்ஸப் பேக்கப் எந்த கூகுள் கணக்கில் இருக்கிறதோ அந்தக் கணக்கும் அதே போன் நம்பரும் இருந்தால்தான் திரும்ப வரும். அப்பாவின் கணக்கில் இருந்த பேக்கப் பிள்ளையின் கணக்குள்ள போனில் தெரியாது.

பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு முன்பே தொடங்கிய ஜிமெயில் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். கூகுளைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளை ஒரு பெரியவர். உண்மையான பிறந்த தேதியோடு, உங்கள் ஃபேமிலி லிங்கிலிருந்தே புதுக் கணக்கு உருவாக்குங்கள்.

நேரக் கட்டுப்பாட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தினசரி வரம்பு சாதனம் வாரியாகக் கணக்காகும். இரண்டு மணி நேரம் என்று வைத்து, போனும் டேப்பும் இருந்தால் அது நான்கு மணி நேரம். அடுத்த தவறு, 'படிப்புக்குத் தேவை' என்று யூடியூபை எப்போதும் அனுமதி என்ற பட்டியலில் சேர்ப்பது. வரம்பு முடிந்து போன் பூட்டிய பிறகும் அந்தப் பட்டியலில் உள்ளது ஓடும். கோச்சிங் ஆப்பை அங்கே வையுங்கள், யூடியூபை வைக்காதீர்கள். ஒருநாள் கூடுதல் நேரம் தர வேண்டுமென்றால் வரம்பை மாற்றாமல் அன்றைக்கு மட்டும் போனஸ் நேரம் கொடுங்கள். மாற்றிய வரம்பைத் திரும்பக் குறைக்க யாருக்கும் நினைவு வராது.

ஃபேமிலி லிங்கின் வலைத்தள வடிகட்டல் முக்கியமாகக் குரோமுக்கானது. டெலிகிராமிலோ ஒரு விளையாட்டிலோ வந்த இணைப்பைத் தொட்டால், அந்த ஆப்புக்குள்ளேயே திறக்கும் பக்கத்துக்கும் அந்த வடிகட்டல் பொருந்தும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கங்களைத் தடுப்பதைவிட எந்த ஆப் உள்ளே வருகிறது என்பதைத் தடுப்பது பலன் தரும். ஒவ்வொரு புது ஆப்புக்கும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு.

ஐபோன், ஐபேட் என்றால் நேர வரம்பு வைக்கும் ஸ்க்ரீன் டைம் வசதி செட்டிங்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பெற்றோரிடமும் ஆப்பிள் சாதனம் இருக்க வேண்டும். அப்பா ஆண்ட்ராய்டு, பிள்ளை ஐபேட் என்ற வீட்டில் எல்லாவற்றையும் அந்த ஐபேடிலேயே அமைத்து, தனியாக 4 இலக்கப் பாஸ்கோட் போட வேண்டியதுதான். வரம்பு முடிந்ததும் தடுக்கும்படி ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இயக்கவில்லையென்றால் பிள்ளை 'புறக்கணி' என்பதைத் தொட்டுவிட்டுத் தொடரும். 'வரம்பு வேலை செய்யவில்லை' என்று ஒரு வீட்டில் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

விண்டோஸ் லேப்டாப்பில் பிள்ளையின் கணக்கு, எதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும்வரை எந்த ஆப் போட்டும் பயனில்லை. சாதாரணக் கணக்காக மாற்றிவிட்டு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியைச் சேருங்கள். அதன் வடிகட்டல் எட்ஜில்தான் வேலை செய்யும். மற்ற பிரௌசர்களை அது தடுத்துவிடும். நீட் கோச்சிங் தளம் குரோமில் மட்டும் சரியாக ஓடுகிறதென்றால் அன்று வீட்டில் சண்டைதான். அமைத்த அன்றே அந்தத் தளத்தை எட்ஜில் திறந்து வீடியோவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

டிவிக்கும், வீட்டுக்கு வரும் சித்தப்பா பிள்ளைகளின் போனுக்கும் சேர்த்து ஒரு பொது வேலி வேண்டுமென்றால் வைஃபை ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்லும் சேவை) மாற்றலாம். கிளவுட்ஃபிளேரின் குடும்ப டிஎன்எஸ் 1.1.1.3, இரண்டாவது 1.0.0.3. ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் அது தடுக்கும். இரண்டாவது இடத்தில் பழக்கத்தில் கூகுளின் சாதாரண டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று போட்டுவிடாதீர்கள். சாதனம் இரண்டு டிஎன்எஸ்ஸில் எதை வேண்டுமானாலும் கேட்கும், வேலியில் ஓட்டை விழும். ரூட்டர் ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரிக்கான டிஎன்எஸ்ஸையும் தருகிறதென்றால் அங்கேயும் குடும்ப டிஎன்எஸ் முகவரிதான் இருக்க வேண்டும். சில நெட் நிறுவனங்கள் தரும் ரூட்டரில் இந்த இடமே பூட்டியிருக்கும். மொபைல் டேட்டாவுக்கு இந்த வேலி இல்லை, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட்டுக்கும் இல்லை, நெட்டை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஆப்புக்கும் இல்லை. அதனால்தான் ஆப் ஒப்புதல் முதல், டிஎன்எஸ் இரண்டாவது.

வீட்டில் ஆண்ட்ராய்டும் விண்டோஸும் ஐபேடும் கலந்திருந்து, எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் கஸ்டோடியோ போன்ற கட்டண ஆப்களைப் பாருங்கள். வருடச் சந்தா கட்டும் முன் சோதியுங்கள். ரெட்மி, விவோ, ஓப்போ போன்களில் பேட்டரி மிச்சப்படுத்தும் ஏற்பாடு பின்னால் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். ஆட்டோ ஸ்டார்ட்டை இயக்கி, பேட்டரி கட்டுப்பாட்டை அந்த ஆப்புக்கு மட்டும் நீக்குங்கள். பிறகு போனை அணைத்து இயக்கிப் பாருங்கள், விபிஎன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ரெட்மியின் செகண்ட் ஸ்பேஸ் (ஒரே போனுக்குள் இன்னொரு தனி இடம்) திறக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தாக்குப்பிடிக்காத ஆப்புக்குப் பணம் வேண்டாம். வார்த்தைகளை வைத்து எச்சரிக்கும் வசதியையும் பெரிதாக எண்ண வேண்டாம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் நம் பிள்ளைகளின் பேச்சு அதற்குப் புரியாது.

பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கி, கெட்ட ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லி, பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஆப் என்று யாராவது கடையில் போட்டுத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கிய ஆப் திரையில் உள்ள அனைத்தையும் படிக்கும். பிள்ளையின் படங்கள் யாருடைய சர்வரில் போய் விழுகின்றன என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

இருப்பிடம் காட்டும் வசதி பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் விடுதியில் படிக்கும் பிள்ளை விடுமுறை முடிந்து பஸ் ஏறினால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே சிக்னல் விட்டுப்போகிறதோ அங்கேயே மேப்பில் புள்ளி நின்றுவிடும். அது பஸ் நின்ற இடம் இல்லை, போன் கடைசியாகப் பேசிய இடம். புள்ளிக்குக் கீழே எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்று இருக்கும். பதறும் முன் அதைப் படியுங்கள், அரை மணி நேரம் கழித்து விடுதி ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்கள்.