பால்டிமோரில் ஒரு லக்ராஸ் சனிக்கிழமை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்றதும் நம் ஊரில் யாருக்கும் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் என் சித்தி பையன் மட்டும், "அண்ணா, பால்டிமோர் வரைக்கும் வந்துட்டு லக்ராஸ் பார்க்காம கிளம்பினா எப்படி?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். லக்ராஸ் என்றால் வலை கட்டிய கம்பில் பந்தை ஏந்தி ஓடிக் கோல் போடுகிற விளையாட்டு. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு ஏப்ரல் சனிக்கிழமை கிளம்பினோம்.

போகிறவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி இருப்பது நகரின் கிழக்கே. லக்ராஸ் மைதானமோ வடக்கே, சார்ல்ஸ் தெருவை ஒட்டிய, பல்கலைக்கழகத்தின் ஹோம்வுட் வளாகத்தில். டாக்சியில் ஏறி வெறுமனே ஹாப்கின்ஸ் என்று சொன்னால் எமர்ஜென்சி வாசலில் இறங்க நேரிடலாம்.

மைதானம் ஒன்றும் பிரம்மாண்டமில்லை, எட்டாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழகம் தொடங்கியது 1876 இல், லக்ராஸ் அணி ஆடத் தொடங்கியது 1883 இல் என்றால் பாருங்கள். இதுவரை 44 தேசியப் பட்டங்கள். அதில் 9 மட்டும்தான் 1971 இல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) போட்டித் தொடரில் வென்றவை, மீதி எல்லாம் அதற்கு முந்தைய காலத்துக் கணக்கு. இன்னொரு வேடிக்கை, இந்தப் பல்கலைக்கழகத்தின் மற்ற அணிகள் எல்லாம் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன, லக்ராஸ் மட்டும் முதல் பிரிவில்.

ஆட்டம் தொடங்கி முதல் பத்து நிமிடம் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பக்கத்துக்குப் பத்துப் பேர், கையில் மாங்காய் பறிக்கிற வலைக்கம்பு மாதிரி ஒன்று, அதில் கெட்டியான ரப்பர் பந்தை வைத்துக் குலுக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். அது கீழே விழாமல் இருப்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தடுப்பவர்கள் சிலரிடம் ஆறடி நீளக் கம்பு, அதை வைத்து எதிராளியின் கையிலும் கம்பிலும் தட்டித் தட்டிப் பந்தை உதிர வைக்கிறார்கள், அதெல்லாம் சட்டப்படி சரியாம்! எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் (இங்கேதான் படித்தாராம், வெளிர்நீலத் தொப்பி) என் முழியைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு விதி. கோலை நோக்கி அடித்த பந்து குறி தவறி எல்லைக்கோட்டைத் தாண்டினால், யார் அடித்தார்கள் என்பதெல்லாம் பேச்சே இல்லை, அது தாண்டும்போது யார் அதற்கு மிக அருகில் இருக்கிறாரோ அவர் அணிக்கே பந்து. அதனால்தான் ஒருவர் கோலைப் பார்த்து அடிக்கும்போது இன்னொருவர் கோலுக்குப் பின்னால் போய்க் காத்து நிற்கிறார், பந்து பறந்ததும் எல்லைக்கோட்டைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுகிறார். இது தெரிந்த பிறகு நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த ஓடுகிற ஆளையே பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இடைவேளையில் பெரியவர் பழங்கதைக்குப் போனார். 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், இரண்டு ஒலிம்பிக்கிலும் லக்ராஸ் பதக்கமில்லாத காட்சி ஆட்டமாக இருந்தபோது அமெரிக்காவுக்காகப் போனது இந்த ஹாப்கின்ஸ் அணிதான். முதல் தடவை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றும் ஆளுக்கு ஒரு வெற்றி ஒரு தோல்வி என்று முடிந்தது. 1932 இல் கனடாவை மூன்றில் இரண்டு ஆட்டங்களில் வென்றார்கள். இப்போது 2028 இல் அதே லாஸ் ஏஞ்சலஸில் பதக்க விளையாட்டாகவே திரும்பி வருகிறது, பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் வடிவத்தில். "ஆறு பேரா, அது வேற ஆட்டம்" என்று பெரியவர் கையை ஆட்டி ஒதுக்கிவிட்டார். இந்த விளையாட்டே இரோக்குவா முதலான வட அமெரிக்கப் பூர்வகுடிகள் நூற்றுக்கணக்கில் கூடி ஆடியது, அவர்கள் பார்த்தால் பத்துப் பேரையே என்ன சொல்வார்களோ.

ஹாப்கின்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 2007 இல். அந்த அணியின் பயிற்சியாளர் டேவ் பியட்ரமாலா, 1987 இல் இங்கேயே ஆட்டக்காரராகவும் பட்டம் வென்றவர். அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஒன்றுமில்லை என்றாலும், அப்பா, பிள்ளை, பேரன் என்று வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தார்கள், சின்னப் பையன்கள் பலர் கையில் சொந்தக் கம்போடு. பட்டம் வென்றே தீரவேண்டும் என்று யாரும் வந்ததாகத் தெரியவில்லை, நடுவரைத் திட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு, சீசன் பிப்ரவரியிலிருந்து மே வரை. பிப்ரவரியில் குளிர் பின்னி எடுக்கும், ஏப்ரலே நல்லது. மைதானத்துக்குப் பக்கத்தில் தேசிய லக்ராஸ் அருங்காட்சியகம் இருப்பதாகப் பழைய கையேடுகள் சொல்லும், நம்பிப் போகாதீர்கள், அதை நகருக்கு வடக்கே ஸ்பார்க்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம் இருக்கிற வாரம் கிடைத்தால் விடாதீர்கள், 1895 இலிருந்து நடக்கிற பகை அது. முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.