ஜீன்ஸ் காலைக் குறைக்கும்போது ஊசி உடையும் இடம்

ஜீன்ஸ் காலை மடித்துத் தைக்க வீட்டு மெஷினே போதும். சிக்கல் வருவது ஒரே இடத்தில்தான்: காலின் உட்பக்கத்தில் இரட்டை வரியாக ஓடுகிற தையலைக் கடக்கும்போது. அங்கே துணி ஏற்கெனவே 4 அடுக்கு. இருமுறை மடித்தால் 12.

முதலில் அளவு. புது ஜீன்ஸ் என்றால் துவைத்துக் காயவைத்துவிட்டுக் கை வையுங்கள். பருத்தி நீளவாக்கில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. வழக்கமாகப் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள், இன்னொருவர் குறிக்கட்டும். நீங்களே குனிந்தால் அளவு தப்பும். குறித்த கோட்டுக்குக் கீழே 2.5 செ.மீ. விட்டு வெட்டி, 1.25 செ.மீ. வீதம் இரண்டு மடிப்பு மடித்து, அழுத்தி இஸ்திரி போடுங்கள். இந்தத் தடிமனில் குண்டூசி வளைந்துவிடும், கிளிப் மாட்டுங்கள்.

ஜீன்ஸ் ஊசி 100/16 போடுங்கள். இழுபடும் துணியில் தையல் விட்டுப்போனால் ஸ்ட்ரெட்ச் ஊசி 90/14. மேலே தடித்த டாப்ஸ்டிச் நூல், பாபினில் (அடிநூல் சுற்றும் உருளை) சாதாரண பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. வெட்டி எடுத்த துண்டில் தைத்துப் பாருங்கள். அடியில் மேல்நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், மறுபடி நூல் கோத்து, மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, கொஞ்சம் கூட்டுங்கள்.

இனி அந்த 12 அடுக்கு மேடு. பலகை மேல் வைத்து, ஒரு துணி போர்த்தி, சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டுங்கள், கண்ணெதிரே தட்டையாகும். தையலை மேட்டின் மேல் ஆரம்பிக்காதீர்கள், அதைத் தாண்டி ஆரம்பியுங்கள். சுற்றி வந்து மேட்டில் ஏறும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அடியில் இருக்கும் மெஷின் பல் துணியைப் பிடித்து நகர்த்தாது. தையல் பொடிப்பொடியாக ஒரே இடத்தில் குவியும். பலரும் அப்போது துணியைப் பின்னாலிருந்து இழுப்பார்கள். ஊசி வளைந்து தகட்டில் இடித்து உடைவது அந்த நொடியில்தான்.

அதற்குப் பதில், ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்துங்கள். பாதத்தைத் தூக்கி, ஜீன்ஸ் துண்டு ஒன்றை மேட்டின் உயரத்துக்கு மடித்து, பாதத்தின் பின்பாதிக்கு அடியில் செருகுங்கள். பாதம் மட்டமாக உட்கார்ந்ததும், கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஒவ்வொரு தையலாகக் கடங்கள். இறங்கும்போது அதே துண்டு பாதத்தின் முன்பாதிக்கு அடியில். ஒரு நிமிட வேலை, ஆனால் தையல் சீராக வரும்.

பழைய ஓரத்தின் வெளுத்த அழகு போகக் கூடாது என்றால் வெட்ட வேண்டாம். குறைக்க வேண்டியது 6 செ.மீ. என்றால், பழைய ஓரத்தின் தையல் வரியிலிருந்து மடிப்பு வரை 3 செ.மீ. வரும்படி காலை வெளிப்பக்கமாக மடித்து, பழைய ஓரத்தை ஒட்டியபடியே சுற்றித் தையுங்கள். மிச்சத்தை உள்ளே தள்ளி இஸ்திரி போட்டால் புதுத் தையல் ஓரத்தின் நிழலில் மறைந்துவிடும். உள்ளே தொங்கும் மடிப்பை 1 செ.மீ. விட்டு வெட்டி, ஜிக்ஜாக் அடித்துவிடுங்கள்.