பயாஸில் காணாமல் போன எஸ்எஸ்டி

அன்று மாலை அடுத்தடுத்து இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். விண்டோஸ் வந்துவிட்டது, டி டிரைவை மட்டும் காணோம். அப்பா எடுத்த பழைய நெகட்டிவ்களை நான்கு மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். 500 ஜிபி, 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது மெமரி சிப்களில் தகவலைச் சேமிக்கும், சாட்டா கேபிளில் மதர்போர்டோடு இணையும் டிரைவ். பாதிப் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது.

முதலில் விண்டோஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். அங்கேயாவது தெரிந்திருந்தால் டிரைவ் எழுத்து கொடுப்பதோடு வேலை முடிந்திருக்கும். (அங்கே தெரிந்து, 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அது புது டிஸ்க்கைத் தயார் செய்யும் வேலை, உள்ளே டேட்டா இருக்கும் டிஸ்க்குக்குக் கூடாது.) எனக்கு அங்கேயும் இல்லை, பயாஸிலும் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடி, டிரைவ்களைக் கண்டறியும் அடிப்படை மென்பொருள்) இல்லை. பயாஸிலேயே இல்லையென்றால் விண்டோஸில் எதைத் தட்டியும் பயனில்லை.

கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளை மாற்றினேன், பவர் கனெக்டரை மாற்றினேன், வேறு போர்ட்டில் செருகினேன். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் (கேபிள் இல்லாமல் டிரைவை நேரடியாகச் செருகும் இடம்) டிரைவ் போட்டால் ஓரிரு சாட்டா போர்ட்டுகள் தானாக அணைந்துவிடும். என் போர்டின் மேனுவலில் அதையும் பார்த்தேன், அது காரணமில்லை. யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி லேப்டாப்பில் போட்டாலும் டிரைவ் தெரியவே இல்லை. கடைக்குக் கொண்டுபோனேன். "கன்ட்ரோலர் போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள்.

மனசு கேட்கவில்லை. எஸ்எஸ்டிக்குள் எந்தத் தகவல் எந்தச் சிப்பில் எங்கே கிடக்கிறது என்று கன்ட்ரோலர், அதாவது டிரைவை நிர்வகிக்கும் சிப், ஓர் அட்டவணை வைத்திருக்கும். அதை எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அட்டவணை குழம்பிவிடலாம். அடுத்த முறை பவர் வந்ததும் அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டே, கம்ப்யூட்டர் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கும். டேட்டா கேபிள் இல்லாமல் பவர் மட்டும் கொடுத்தால் தொந்தரவில்லாமல் அந்த வேலையை முடிக்க வாய்ப்பு உண்டு.

அதைத்தான் செய்தேன். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் கேபிள் மட்டும் இருக்க, கம்ப்யூட்டரை பயாஸ் திரையில் அரை மணி நேரம் விட்டுவைத்தேன். அணைத்து, பவர் கேபிளையும் உருவி, அரை நிமிடம் கழித்து மாட்டி, மறுபடி அரை மணி நேரம். அப்புறம் அணைத்துவிட்டு டேட்டா கேபிளைச் செருகிப் போட்டேன். பயாஸ் பட்டியலில் அந்த மாடல் எண் வந்து நின்றது. கை நடுங்கியது, உண்மையாகவே.

இந்த இடத்தில் அவசரப்பட்டு விண்டோஸுக்குள் போகவில்லை. அது டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டலாம், எதையாவது எழுதலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, பழுதான டிரைவிலிருந்து டேட்டாவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கொண்டு முழு டிரைவையும் வேறொரு ஹார்டு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்தேன். இரண்டரை மணி நேரம். இடையில் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நகலைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அம்மா கிணற்றடியில் நிற்கும் படமும் இருந்தது.

ஒன்பது நாள் கழித்து அந்த எஸ்எஸ்டி மறுபடி மறைந்தது. அதே முறையை மூன்று தடவை செய்து பார்த்தேன். இந்த முறை அது வரவில்லை.